குருந்தக்கல்லுக்குள் போன அலறல்

அந்தக் காலத்தில் ஆடு மாடுகள் மட்டுமல்ல, அவற்றின் தோலும் பேசியது. உயிர் போனபிறகும், ஊறவைத்துப் பதப்படுத்திச் செருப்பாகத் தைத்தபிறகும், தான் யாருடைய தோல் என்பதைத் தோல் மறக்காது. மாட்டுத்தோல் செருப்பு போட்டவன் தண்ணீர்த் தொட்டியைக் கண்டால் தன்னை அறியாமல் நின்றுவிடுவான். ஆட்டுத்தோல் செருப்பு வேலியோரத்துப் பச்சையைப் பார்த்து இழுக்கும். "ஏய், ஒழுங்கா நட" என்று ஓர் அதட்டல் போட்டால் அடங்கிவிடும். உயிரோடு இருந்தபோதும் மனிதனின் அதட்டலுக்கு அடங்கியவைதானே!

இன்னொரு தொல்லையும் இருந்தது. அடித்தோல் எருமையுடையது, மேல்தோல் ஆட்டினுடையது என்றால் இரண்டும் ஒட்டாது. பசையைக் காய்ச்சித் தடவி, மேலே தையலும் போட்டாலும் மதியத்துக்குள் செருப்பு வாயைப் பிளந்துவிடும். எருமைக்கும் ஆட்டுக்கும் அப்படி என்ன பகை என்று யாருக்கும் தெரியவில்லை.

சிவப்பு மண் மலை ஒன்றின் அடியில், ஆற்றங்கரை ஊரில், சடையனும் அவன் மனைவி பொம்மியும் செருப்புத் தைத்துப் பிழைத்தார்கள். பல் முளைக்காத பெண் குழந்தை ஒன்று தூளியில் கிடந்தது. அவர்களோடு வாயாடி ஒருவனும் இருந்தான். அவன் மனிதனில்லை. சடையன் கத்தி தீட்டுகிற குருந்தக்கல். மங்கிய சிவப்பில் கைப்பிடி அளவு இருக்கும். அந்தக் காலத்தில் கற்களும் பேசும், ஆனால் இந்தக் கல்லைப்போல வேறு எதுவும் பேசாது.

"உன் கத்தி தேயும், உன் கையும் தேயும். நான் மட்டும் தேய மாட்டேன். எனக்கு எதைக் கண்டும் பயமில்லை" என்று அது காலையிலேயே ஆரம்பித்துவிடும்.

"வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாரு" என்று சடையன் அதை மடியில் செருகிக்கொள்வான்.

ஒருநாள் அரண்மனைக் காவலாள் வந்து ஒரு தோல் மூட்டையை வாசலில் போட்டான்.

"சிறுத்தைத் தோலு. மலையில வெட்டின குழியில விழுந்துது. ராணியம்மாவுக்கு இதுலதான் செருப்பு வேணுமாம். போட்டுக்கிட்டா சிறுத்தை மாதிரி பயமே வராதாம். சீக்கிரம் முடி."

காட்டு விலங்கின் தோலை அந்த ஊரில் அதுவரை யாரும் தைத்ததில்லை. முடியாது என்று சொல்லிவிட்டுத் தலையோடு வீடு திரும்பியவர்களும் யாருமில்லை. சடையன் தோலை எடுத்து உள்ளே வைத்தான்.

அந்தத் தோல் பேசவே இல்லை. ஊறப்போட்டபோதும், உப்புப் போட்டபோதும், கத்தி வைத்து வெட்டியபோதும் ஒரு முனகல்கூட இல்லை. அதற்குப் பதில் குடிசையில் இருந்த மற்றத் தோல்கள் வாயடைத்துப் போயின. ஆட்டுத்தோல்கள் சுவரோரமாகச் சுருண்டுகொண்டன. தூளிக்குள் குழந்தை காரணமில்லாமல் வீரிட்டது.

"இன்னாய்யா இது, வூடே மூச்சை அடக்கிக்கிட்டுக் கெடக்கற மாதிரி இருக்குது?"

"தைச்சு முடிச்சு அனுப்பிட்டா தொல்லை விட்டுது, புள்ள."

குருந்தக்கல் மட்டும் குரலைத் தாழ்த்திச் சொன்னது: "இந்தத் தோலை அதட்டிப் பழக்கியவர் யாருமில்லை, சடையா. யார் சொன்னால் இது கேட்கும்?"

சடையன் அதைக் காதில் வாங்கவில்லை. ஊறியும் ஊறாத அந்தத் தோலை மேல்தோலாக வைத்து, எருமை அடித்தோலோடு அவசரம் அவசரமாகச் செருப்பைத் தைத்து முடித்தான்.

செருப்புத் தைப்பவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தைத்த வீட்டார் ஒருமுறை போட்டு நடந்து பார்க்காமல் செருப்பு வாசலைத் தாண்டாது. எங்கே கடிக்கிறது, எங்கே குத்துகிறது என்று அப்போதுதான் தெரியும். ஆண்கள் செருப்பைச் சடையன் போட்டுப் பார்ப்பான், பெண்கள் செருப்பைப் பொம்மி. ராணியின் கால் அளவும் பொம்மியின் கால் அளவும் ஒன்றாகவே இருந்தன. குழந்தைக்குப் பால் கொடுத்துத் தூளியில் போட்டுவிட்டு, பொம்மி சிறுத்தைச் செருப்பைக் காலில் மாட்டினாள்.

எதிரே இருந்த புங்கமரம் வரை நடந்துவிட்டுத் திரும்ப வேண்டும். மரம் வந்தது. பொம்மி திரும்ப முயன்றாள். கால் திரும்பவில்லை.

"ஏய், நில்லு!" என்று அதட்டினாள். செருப்பின் வேகம்தான் கூடியது. குனிந்து வாரைக் கழற்றப் போனாள். வார் நகம் போட்டுப் பிடித்ததுபோல இறுகியது.

"யோவ்! நிக்க மாட்டேங்குதுய்யா! புடிய்யா என்னை!"

சடையன் கத்தியோடு ஓடிவந்தான். அதற்குள் அவள் ஓட ஆரம்பித்திருந்தாள். அவள் ஓடவில்லை, செருப்பு ஓடியது. அவள் அதன்மேல் இருந்தாள். கரும்புத் தோட்டத்தைக் கடந்து, ஆற்று மணலைக் கடந்து, சிவப்பு மண் மலையில் ஏறியது. முள் கிழித்தது, கல் இடறியது. விழுந்தால் செருப்பு இழுத்துக்கொண்டு போனது. எனக்கு இதைச் சொல்லவே உடம்பு நடுங்குகிறது. நம் கால் நம் பேச்சைக் கேட்காமல் போவதைவிடப் பெரிய பயம் எது?

பாதி மலை ஏறியபோது தோல் முதல்முறையாகப் பேசியது.

"குட்டிகள். பசியோடு இருக்கும். நான் போக வேண்டும்."

அது கெட்டது நினைத்துப் பேசவில்லை. பொம்மி என்று ஒருத்தி தன்மேல் இருப்பதுகூட அதற்குத் தெரியவில்லை.

பாறைகளுக்கு நடுவே ஒரு குகை வாயில். அங்கே போய்த்தான் செருப்பு நின்றது. உள்ளேயிருந்து இரண்டு சிறுத்தைக் குட்டிகள் தள்ளாடி வந்தன. எலும்பும் தோலுமாக இருந்தன. செருப்பை மோந்து பார்த்து, "அம்மா, அம்மா" என்று அதில் முகத்தைத் தேய்த்தன. பொம்மியின் முழங்கால்கள் தாமாக மடங்கின. செருப்பு அவளைக் குட்டிகளுக்குப் பக்கத்தில் படுக்க வைத்துவிட்டது.

மூச்சு வாங்க ஏறிவந்த சடையன் கண்டது அதைத்தான்.

"கழட்டி வுடுய்யா" என்றாள் பொம்மி. "இது இனிமே இங்கேருந்து எழுந்திருக்காது. என்னையும் வுடாது."

அவன் வாரின்மேல் கத்தியை வைத்தான். வார் இன்னும் இறுகியது. அவள் பாதத்திலிருந்து ரத்தம் வந்தது. அப்போது மலையின் அந்தப் பக்கத்திலிருந்து ஓர் உறுமல் கேட்டது. குட்டிகள் தலையைத் தூக்கின.

"அப்பா வருகிறார்" என்றது ஒன்று.

சடையன் வாரைக் கத்தியால் மறுபடி அறுத்துப் பார்த்தான். கத்தி மழுங்கிவிட்டது என்று நினைத்து மடியிலிருந்த குருந்தக்கல்லை எடுத்தான். அவசரத்தில் கல் கையிலிருந்து வழுக்கி, செருப்பின் ஓரத்தை உரசிக்கொண்டு விழுந்தது. உரசிய இடத்தில் தோலின் மினுமினுப்புப் போய் நார் நாராகப் பிரிந்து நின்றது. அந்த இடத்தில் பிடியும் தளர்ந்திருந்தது.

ஆனால் கல் 'கிறீச்' என்று கத்தியிருந்தது.

"சடையா, வேண்டாம். உரசினால் தாய்ச்சிறுத்தையின் நினைவு தோலைவிட்டு எனக்குள் வருகிறது. குழியும் ஈட்டியும் எனக்குத் தெரிகிறது. அவள் செத்துக்கொண்டே குட்டிகளைக் கூப்பிடுகிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது."

எதைக் கண்டும் பயமில்லை என்ற கல் அப்படிச் சொன்னது. உறுமல் பாறை முகட்டுக்கு வந்துவிட்டது.

"வூட்டுல புள்ள எழுந்திருக்கும்யா" என்று பொம்மி அழுதாள்.

சடையன் கல்லின் சம்மதத்துக்குக் காத்திருக்கவில்லை. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நீங்களும் நானும் அந்த இடத்தில் என்ன செய்திருப்போம்? கல்லை இறுக்கிப் பிடித்துச் செருப்பின்மேல் வைத்துத் தேய்த்தான்.

கல் அலறியது. அது கல்லின் குரலே அல்ல. குழிக்குள் ஈட்டி பாய்ந்தபோது அந்தத் தாய்ச்சிறுத்தை போட்ட கடைசி அலறல், அத்தனை நாளும் தோலுக்குள் அடங்கிக் கிடந்தது, இப்போது கல்லின் வழியாக வந்தது. மலை முழுக்க எதிரொலித்தது. முகட்டில் நின்ற ஆண் சிறுத்தை அதைக் கேட்டது. தன் துணை எப்படிச் செத்தாள் என்று அதற்கு அந்த நொடியில் தெரிந்துவிட்டது. உடம்பெல்லாம் மயிர் சிலிர்த்து, வாலை ஒடுக்கிக்கொண்டு, அது வந்த வழியே ஓடிப்போனது.

சடையன் நிறுத்தவில்லை. மேல்தோல், வார், ஓரம் என்று எல்லாவற்றையும் தேய்த்தான். மஞ்சள் தூசி பறந்து அவன் முகத்திலும் மார்பிலும் மூக்குக்குள்ளும் போனது. தேயவே தேயாத கல் தேயத் தொடங்கியது. கைப்பிடி அளவு இருந்தது நெல்லிக்காய் அளவானபோது வார் தானாக அவிழ்ந்தது. பொம்மி காலை உருவிக்கொண்டாள்.

கீழே இறங்கும் முன் அவள் செருப்பைக் குட்டிகளின் முன்னால் வைத்தாள். அவளும் தாய்தானே. வேறு என்ன கொடுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. குட்டிகள் வந்து மோந்து பார்த்தன. மறுபடி மோந்து பார்த்தன. பிறகு திரும்பி, ஒன்றும் சொல்லாமல் குகைக்குள் போய்விட்டன. அது இப்போது வெறும் செருப்பு.

சடையன் அதை எடுத்துக்கொண்டு, பொம்மியைத் தோளில் தாங்கி வீட்டுக்கு வந்தான். தூளியில் குழந்தை அழுதுகொண்டிருந்தது. கால் வலியில் பொம்மி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டதால் சடையன் போய்க் குழந்தையைத் தூக்கினான். குழந்தை அழுகையை நிறுத்தி அவன் மார்பை மோந்து பார்த்தது. மறுபடி மோந்து பார்த்தது. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, அவன் கையிலிருந்து வழுக்கி விழப் பார்த்தது.

"என்னைத் தெரியலியா கண்ணு? உங்க அப்பன்டா!"

குழந்தை அவனை யாரோபோலப் பார்த்தது. வாசலிலிருந்து பொம்மி கத்தினாள்.

"புள்ளையக் கீழ வுடுய்யா! அது உன் மேல இருக்குது. தூசியா ஒட்டிக்கிட்டு வந்துருக்குது. போய்க் கழுவிட்டு வா, போ!"

சடையன் ஆற்றுக்கு ஓடினான். மணலை அள்ளித் தேய்த்துத் தேய்த்துக் குளித்தான். வேட்டியைக் கல்லில் அடித்துத் துவைத்தான். மூக்கையும் வாயையும் ரத்தம் வருமளவுக்குக் கழுவினான். ஈரத்தோடு வந்து கையை நீட்டினான். குழந்தை வெகுநேரம் யோசித்தது. கடைசியில் அது அவன் விரலைப் பிடித்துக்கொண்டது. சடையன் வாய்விட்டு அழுதான்.

ராணி அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டாள். அவள் போன இடத்துக்கு அது போனது, நின்ற இடத்தில் நின்றது. அவளுக்குத் தைரியம் வந்ததா என்று தெரியாது. ஆனால் ஓர் அதிசயம், அந்தச் செருப்பு மட்டும் வாயைப் பிளக்கவே இல்லை. தான் யாருடைய தோல் என்பதை மறந்த தோல், எருமை அடித்தோலோடு பேசாமல் ஒட்டிக்கொண்டது. அதனால் எல்லாத் தோலையும் தேய்த்துவிட்டே ஒட்ட வேண்டும் என்று அரண்மனையிலிருந்து ஆணை வந்தது. சடையன் மலைக்குப் போய் வேறு குருந்தக்கற்கள் பொறுக்கிவந்தான். பழைய கல்லிடம், "வலிக்குதா?" என்று பலமுறை கேட்டுப் பார்த்தான். அது அதன்பிறகு பேசவில்லை. புதிய கற்களும் பேசவில்லை. தோலைத் தொட்டால் அலறுவதோடு சரி.

அன்று முதல்தான் குருந்தம் தோலைத் தொட்டால் அலறுகிறது, அலற அலறத் தேய்கிறது. இன்று அதைப் பொடித்துத் தாளில் ஒட்டி, சக்கரத்தில் சுற்றி, செருப்புத் தொழிற்சாலையில் தோலைத் தேய்க்க மின்சாரத்தில் ஓடவிடுகிறார்கள். அதே அலறல்தான் கேட்கிறது. அன்று முதல்தான் அதன் முன்னால் நிற்பவர்கள் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்கிறார்கள். வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும், பிள்ளை கையை நீட்டிக்கொண்டு ஓடிவந்தால், "இரு, இரு, கிட்ட வராதே" என்று பதறி விலகி, தலையோடு குளித்துவிட்டு வந்துதான் தூக்குகிறார்கள். பிள்ளை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளுமோ என்ற பயம்.