இலைக்கும் பாக்குக்கும் நடுவே

குன்றநாட்டில் பாக்கு விளையும். கணவாய்க்கு அந்தப் பக்கம் வயல்நாடு. அங்கே வெற்றிலை விளையும். இரண்டும் ஒன்றுசேர்கிற இடமாகக் கணவாய்ச் சந்தை இருந்தது. இப்போது அங்கே சந்தை கூடுவதில்லை.

சந்தைக்கு மேலே, பாறைக்குகை ஒன்றில் கனகநந்தி அடிகள் வாழ்ந்தார். ஒரு காலத்தில் இரண்டு நாட்டுப் பிள்ளைகளும் அவரிடம் தங்கிப் படித்தார்கள். ஒரு நாள் காலையில் குன்றநாட்டின் தலைவன் தத்தன் அவரைப் பார்க்க ஏறி வந்தான். காவலர்களைச் சந்தைத் திடலிலேயே நிறுத்திவிட்டுத் தனியாக வந்தான். ஐம்பதைத் தாண்டிய உடம்பு. மூச்சு வாங்கியது.

அடிகள் துவைத்த துணியைப் பாறைமேல் விரித்துக்கொண்டிருந்தார்.

“உட்கார். பழைய வழியாகவா வந்தாய்?”

“ஆமாம் அடிகளே. முன்பெல்லாம் ஓடியே ஏறிவிடுவோம்.”

“நீ எங்கே ஓடினாய்? கொற்றன் ஓடுவான். நீ ‘நில்லுடா, நில்லுடா’ என்று பின்னால் வருவாய்.”

தத்தன் லேசாகச் சிரித்தான். கொற்றன் பேரைச் சொல்லிக் குன்றநாட்டில் யாரும் சிரித்து வெகுகாலம் ஆயிற்று. அவன் இப்போது வயல்நாட்டின் தலைவன்.

சண்டை சின்னதாகத்தான் ஆரம்பித்தது. வயல்நாடு பாக்குக்குக் கொஞ்சம் வரி போட்டது. பதிலுக்கு வெற்றிலைக்கும் வரி போட வேண்டும் என்று குன்றநாட்டுச் சபையில் ஒருவன் எழுந்து சொன்னான். அவன்தான் தத்தன். அதுவரை அவன் பலரில் ஒருவன். “அவர்கள் இலை இனி என் வாயில் படாது” என்று அவன் சொன்னபோது சபையே எழுந்து நின்றது. அடுத்த தேர்தலில் அவன் தலைவன் ஆனான். அந்தப் பக்கம் கொற்றன் தலைவன் ஆனதும் ஏறக்குறைய இதே மாதிரிதான். அவன் வரியை ஏற்றினான். இவன் ஏற்றினான். கடைசியில் கணவாயின் குறுக்கே ஒரு மரத்தைப் போட்டு வழியை அடைத்தார்கள்.

“சொல்” என்றார் அடிகள்.

“ஒரு உதவி வேண்டும். கொற்றன் பாக்கு வரியை எடுத்துவிடப் போகிறான் என்று ஒற்றன் சொல்கிறான்.”

“நல்ல செய்தி.”

தத்தன் கீழே கிடந்த சருகை எடுத்துக் கிழித்தான்.

“ஐப்பசியில் எங்களுக்குத் தேர்தல். அதற்கு முன்னால் அவன் எடுத்துவிட்டால் நான் எதைச் சொல்லிப் போய் நிற்பேன்? தேர்தல் முடியும்வரை அவன் பொறுக்க வேண்டும். நான் ஆள் அனுப்பினால் வெளியே தெரிந்துவிடும். நீங்கள் சொன்னால் கேட்பான்.”

“எதற்குப் பொறுக்க வேண்டும்?”

“வரியை எடுக்க.”

“உன் ஜனங்களின் பாக்குக்கு அவன் போட்ட வரியை.”

“ஆமாம்.”

அடிகள் துணியின் சுருக்கத்தை நீவிவிட்டார். பிறகு, “வா, சந்தை வரைக்கும் நடந்துவிட்டு வருவோம்” என்றார்.

இருவரும் மெதுவாக இறங்கினார்கள். சந்தைத் திடலில் முழங்கால் உயரத்துக்குப் புல் வளர்ந்திருந்தது. கடைக்கால்கள் சில சாய்ந்து கிடந்தன. அப்பால் குறுக்கு மரம். அதற்கு அப்பால் ஒற்றையடிப் பாதை வயல்நாட்டுக்குள் இறங்கிப் போனது.

தத்தன் புளியமரத்தடியில் நின்றான்.

“இங்கேதான் இலைக்கட்டுகளை இறக்குவார்கள். ஈரச் சாக்கு வாசனை தூரத்திலேயே வரும். அந்த மேட்டில் எங்கள் ஆட்கள் பாக்கைக் குவிப்பார்கள். விலை பேசி முடிகிறவரைக்கும் கத்துவார்கள். முடிந்ததும் இவன் பாக்கை அவன் வாயிலும் அவன் இலையை இவன் வாயிலும் போட்டுக்கொண்டு ஒரே பாயில் படுத்திருப்பார்கள்.”

“நீங்கள் இருவரும்?”

“சந்தை கலைந்த பிறகு வருவோம். கிழிந்த இலையைக் கொற்றன் பொறுக்குவான். சிந்திய பாக்கை நான் பொறுக்குவேன். உங்களுக்குத் தெரியாமல் மெல்லுவோம்.”

“தெரியும்.”

“தெரியுமா?”

“அன்று சாயங்காலம் பாடம் ஒப்பிக்கச் சொன்னேனே. இரண்டு பேரும் வாயைத் திறக்கவே இல்லை. ஒரு வரிகூடத் தெரியாத மாதிரி நின்றீர்கள். தத்தனுக்குத் தொண்டை வலி என்று கொற்றன் சைகை காட்டினான். கொற்றனுக்கு என்று நீ காட்டினாய்.”

தத்தன் வாய்விட்டுச் சிரித்தான். தூரத்தில் நின்ற காவலர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தலைவர் சிரித்து அவர்கள் கேட்டதில்லை.

அப்போது திடலின் ஓரமாக ஒரு பெண் விறகுச் சுமையோடு வந்தாள். தத்தனை அடையாளம் கண்டு, சுமையை இறக்கிவிட்டுக் கும்பிட்டாள். வேம்பி என்று பெயர். மலைச்சரிவில் அவளுக்குப் பாக்குத்தோப்பு இருந்தது.

சுமையைப் பார்த்த தத்தன் கேட்டான். “இது பாக்குமரம் அல்லவா அம்மா?”

“ஆமாங்க. காய் விற்கவில்லை. சும்மா நின்று என்ன செய்ய? வெட்டி அடுப்புக்கு வைத்துக்கொண்டோம்.”

“எல்லாமா?”

“மேல்வரிசை இருக்குங்க. மாமனார் வைத்தது. அதில் கைவைக்க மனசு வரவில்லை.”

தத்தன் சுமையிலிருந்த ஒரு துண்டைத் தொட்டுப் பார்த்தான். அவளே பேசினாள்.

“நீங்கள் கவலைப்படாதீங்க ஐயா. தோப்பு போனால் போகட்டும். அந்தப் பக்கத்து ஆட்களின் கொட்டம் அடங்கட்டும். எங்கள் தெருவில் எல்லாரும் உங்களுக்குத்தான்.”

“பெரிய ஏரி உடைந்ததே, கரையைக் கட்டினார்களா?” என்று அடிகள் கேட்டார்.

“இல்லை சாமி. குடிக்கவே தண்ணீர் தூரத்திலிருந்துதான். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் இது முடியட்டும்.”

அவள் சுமையைத் தூக்கப் பார்த்தாள். தத்தன் குனிந்து ஒரு கை கொடுத்தான். அவள் கூச்சத்தோடு வாங்கிக்கொண்டு போனாள். அவள் மறைகிறவரை அவன் அவள் போன திசையிலேயே பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு குறுக்கு மரத்தின்மேல் போய் உட்கார்ந்தான்.

“நல்ல பெண்” என்றான்.

“நல்ல பெண்” என்றார் அடிகள்.

“என்னைத் திட்டியிருக்கலாம்.”

அடிகள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். கணவாயில் காற்று மேலேறி வந்தது.

“நான் கேட்டதற்கு நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே” என்றான் தத்தன்.

“போன வாரம் கொற்றன் வந்திருந்தான்.”

தத்தன் சட்டென்று திரும்பினான். “இங்கேயா?”

“அந்தப் பக்கமாக ஏறி வந்தான். அவனுக்கும் மூச்சு வாங்கியது. இப்போது அவன் ஓடுவதில்லை.”

“எதற்கு வந்தான்?”

“நீ வெற்றிலை வரியை எடுத்துவிடப் போகிறாய் என்று அவனுடைய ஒற்றன் சொன்னானாம்.”

“நான் எடுப்பதாக இல்லையே. யார் சொன்னது?”

“அவனும் எடுப்பதாக இல்லை.”

தத்தன் அவரையே பார்த்தான்.

“தையில் அவர்களுக்குத் தேர்தலாம்” என்றார் அடிகள். “அதுவரைக்கும் உன்னைப் பொறுக்கச் சொல்லும்படி கேட்டான்.”

தத்தனின் முகம் கறுத்தது. கோபமா வெட்கமா என்று அவனுக்கே தெரியவில்லை. சிரிப்பு வருகிற மாதிரி உதடு அசைந்தது. ஆனால் வரவில்லை.

“அவனையும் இங்கே கூட்டி வந்தீர்களா?”

“வந்தேன். வெற்றிலைக் கொடிக்கால்களைப் பிடுங்கிவிட்டு மாடு மேய்க்கிற ஒரு கிழவர் அந்தப் பாதையில் வந்தார். கொற்றனைக் கட்டிக்கொண்டு, விட்டுக்கொடுத்துவிடாதே என்று அழுதார்.”

“கொற்றன் என்ன செய்தான்?”

“இந்த மரத்தின்மேல் உட்கார்ந்தான். போகும்போது உன் முட்டி வலி எப்படி இருக்கிறது என்று கேட்டான்.”

தத்தன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் கை தானாக முழங்காலைத் தடவியது. ஓடி ஏறிய நாட்களில் விழுந்து பட்ட அடி அது. அன்று அவனை முதுகில் சுமந்து குகைக்குக் கொண்டுவந்தவன் கொற்றன். குன்றநாட்டில் இன்று யாருக்கும் அது தெரியாது. தத்தன் அதை யாரிடமும் சொன்னதில்லை.

“அவன் கேட்டதற்கு நீங்கள் என்ன சொன்னீர்கள்?”

“தத்தனைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.”

வெயில் ஏறிவிட்டது. காவலர் தலைவன் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போனான். தத்தன் வயல்நாட்டுக்குள் இறங்கிப் போகும் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கடைசியில் எழுந்தான். தலைப்பாகையை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டான். ஒரு காலைத் தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் வைத்தான். முட்டி வலித்திருக்க வேண்டும், மரத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றான். பிறகு மற்றக் காலையும் எடுத்து வைத்தான்.

காவலர் தலைவன் ஓடி வந்தான்.

“ஐயா, அது அவர்கள் மண். யாராவது பார்த்தால் என்ன சொல்வார்கள்? தேர்தல் வருகிறது.”

“பார்த்ததைச் சொல்லட்டும்” என்றான் தத்தன். “நீங்கள் யாரும் வர வேண்டாம்.”

அவன் நடந்தான். பாதை ஒரு பாறையைச் சுற்றித் திரும்பியது. அங்கே அவன் மறைந்தான்.

காவலர் தலைவன் மரத்தைத் தாண்டவும் துணியாமல், திரும்பவும் முடியாமல் நின்றான்.

“அடிகளே, தலைவர் எங்கே போகிறார்?”

அடிகள் எழுந்து, வந்த வழியே மேலேறத் தொடங்கினார்.

“பதில் சொல்ல” என்றார்.