மறுக்காத சுங்கத்தலைவர்

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று நான் பெயர் சொல்லாமல் விடுகிற ஒரு நாட்டில், மதியத் தூக்கத்தின் மேல் உயிரையே வைத்திருந்த அரசர் ஒருவர் இருந்தார். குறை சொல்ல வந்தவர்கள் அந்தத் தூக்கத்தைக் கெடுத்தார்கள். சுங்கத்தலைவர் வரதுங்கர் காதோடு ஒரு வழி சொன்னார். அரசருக்கு அது தேனாக இனித்தது.

"எந்த அதிகாரி மேல் குறையோ, அவரிடமே முதலில் முறையிட வேண்டும். அவர் மறுத்த பிறகே என்னிடம் வரலாம்" என்று பறையறைவித்துவிட்டு நிம்மதியாகப் படுத்தார்.

ஐப்பசி பிறந்தது. அரண்மனை விகடன் பிச்சாண்டான் உப்புக்காரி வேலாத்தாளைச் சபைக்கு அழைத்து வந்தான்.

"சாமி, சுங்கம் கட்டியும் சாவடியில என் மூட்டைய விடமாட்டேங்கிறாக. அவுக வீட்டுக்கு ரெண்டு மூட்டை சும்மா வேணுமாம். வெட்டவெளியில கெடக்கு. மழை வந்தா என் பொழப்பே கரைஞ்சுபோயிரும்!"

"வரதுங்கரே, விட மறுத்தீரா?"

"மறுக்கவே இல்லை, அரசே! 'பார்க்கலாம்' என்று தினமும் அன்போடு சொல்லி அனுப்புகிறேன். மறுப்பு இல்லாமலே இவளை இழுத்து வந்த பிச்சாண்டானை அல்லவா தண்டிக்க வேண்டும்?" அவருக்குப் பிச்சாண்டான் மேல் நெடுநாள் பொறாமை.

சட்டம் தாம் போட்டதாயிற்றே. "இன்னொரு முறை இப்படி வந்தால் நாடு கடத்துவேன்" என்று பிச்சாண்டானை எச்சரித்தார் அரசர். வேலாத்தாள் வானத்தைப் பார்த்துக்கொண்டே போனாள்.

மறுநாள் சனிக்கிழமை, எண்ணெய்க் குளியல். அரசரின் தலை நிறையச் சீயக்காய். கண்ணை மூடியபடி, "ம், தண்ணீர்" என்றார்.

"பார்க்கலாம், மகாராஜா" என்றான் தண்ணீர் ஊற்றுகிறவன்.

பிறந்தது முதல் அந்தச் சொல்லைக் காதில் வாங்கியிராத அரசர், அதிர்ந்துபோய்க் கண்ணைத் திறந்தார். அதுதான் தப்பாகிவிட்டது.

"ஐயோ! யாரங்கே? பிச்சாண்டான்!"

"இங்கேதான் நிற்கிறேன், அரசே. தாங்கள் முதலில் இவனிடமே முறையிட வேண்டும். மறுத்தால் மேலே போகலாம்."

"மறுக்கிறானே! உனக்குக் கண்ணில்லையா?"

"எனக்கு நன்றாகவே இருக்கிறது, அரசே. அவன் மறுக்கவில்லை. பார்க்கலாம் என்றுதான் சொன்னான். அதுவும் எவ்வளவு அன்பாக!"

"அடப்பாவி! கண் எரிகிறவனிடம் பார்க்கலாம் என்றால் அது மறுப்புதானடா!"

அந்தச் சொல்லுக்காகவே காத்திருந்ததுபோல் அண்டா நீர் தலையில் கவிழ்ந்தது.

"சொல்லிக்கொடுத்தவன் நான். கடத்துவதானால் என்னையே கடத்துங்கள்" என்றான் பிச்சாண்டான்.

தாம் போட்ட சட்டமா இது? வெளியே இடி இடித்தது. சொட்டச் சொட்ட, இடுப்புத் துணியோடு அரசர் பிச்சாண்டானையும் இழுத்துக்கொண்டு சாவடிக்கு ஓடினார். கடைத்தெருவே கூடிவிட்டது.

"தேவைக்கு உதவாமல் இழுத்தடித்தால் அதுவும் மறுப்பே! இன்று முதல் இதுவே சட்டம். வரதுங்கரே, மூட்டைகளைக் கூரைக்குள் சுமந்து வையும்!"

"நானா, அரசே?"

"ஏன், பார்க்கலாம் என்கிறீரா?"

வரதுங்கர் மூட்டையைத் தூக்கக் குனிந்தார்.

பின்னாலேயே ஓடிவந்த பணியாள் நீட்டிய பட்டுச் சால்வையை அரசர் பிச்சாண்டானுக்குப் போர்த்தினார். அடுத்த நொடியே அவன் அதை உருவி, இன்னும் வெளியே கிடந்த உப்பு மூட்டைமேல் விரித்தான். கூடியிருந்தவர்கள் பதறிப்போனார்கள். அரசர் கையால் போர்த்திய பட்டு!

"கோபிக்காதீர்கள், அரசே. மழையில் நான் கரைய மாட்டேன்."

சிவந்த கண்களில் நீர் வழிய அரசர் சிரித்தார். சிரித்து முடித்து இன்னொரு சால்வை கொண்டுவரச் சொன்னார்.