ஊறாத குச்சி

காய்ந்த குச்சியை ஒடியாமல் வளைக்க யாரால் முடியும், சொல்லுங்க? கருவாட்டுப் பீப்பாய்க்கு வளையம் கட்ட இளங்குச்சி வெட்டித் தருபவள் வெள்ளத்தாய். அந்த வேலையைத் தன் மச்சானுக்குக் கொடுக்க நினைத்த மேஸ்திரி ஏகாம்பரம், அவள் பச்சையாக வெட்டி வந்த குச்சிகளைத் தொட்டியில் ஊறப்போடாமல் ஒரு வாரம் வெயிலில் போட்டார். பிறகு முதலாளி முன்னால் ஒன்றை வளைத்தார். பட்டென்று ஒடிந்தது. வெள்ளத்தாய் பக்கம் திரும்பினார்.

“ஒடியாம வளைச்சுக் காட்டு. இல்லேன்னா நடையைக் கட்டு!”

“தொட்டித் தண்ணியிலதானே போட்டு வச்சீங்க, மேஸ்திரி?”

“பின்னே? ஒரு வாரமா ஊறுது!”

“ஊறின குச்சின்னா நகம் பட்டாலே தோலு உரியுமே. நீங்க உரிச்சுக் காட்டுங்க, நான் வளைச்சுக் காட்டுறேன்.”

மேஸ்திரி சுரண்டினார். நகம்தான் பிய்ந்தது. முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்து, “இருந்தாலும் மேஸ்திரி சொன்னா சொன்னதுதாம்மா” என்று எழுந்து போனார்.

வெள்ளத்தாய் அரிவாளை இடுப்பில் செருகினாள்.

“மேஸ்திரி, குச்சி நல்லாத்தான் காஞ்சிருக்கு. அடுப்பெரிக்கவாவது எனக்குக் கொடுத்துடுங்க.”