நல்லசிவம் அண்ணனின் பொள்ளாச்சி எருமை

நல்லசிவம் அண்ணன் பொய் சொல்ல மாட்டார். நடந்ததைக் கொஞ்சம் பெரிதாகச் சொல்வார். கொசு கடித்த கதையை ஆரம்பித்தால், முடிக்கும்போது கடித்தது யானையாக இருக்கும், அவ்வளவுதான்.

கோயம்புத்தூர் கணபதியில், அப்சலின் பம்புசெட் உதிரிபாகக் கடைக்கு மேல்மாடியில் ஞாயிறு மத்தியானம் கூடுவோம். எங்கள் விளையாட்டு மேசை மேல் நடப்பது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் கதைக்குள் வீரர்களாக நுழைந்து, வருகிற அரக்கர்களோடு பகடை உருட்டிச் சண்டை போடுவோம். கதை நடத்துபவருக்கு மட்டும் கைவைத்த சுழல் நாற்காலி. நான்கு வருடமாக அதில் அண்ணன்தான்.

அந்த நாற்காலிக்குத்தான் இந்த வாரம் ஆபத்து வந்தது. வந்த வழி ஓநாய்.

முந்தின வாரம் அண்ணன் பெரிய எடுப்பாக ஒரு உருமாறியை இறக்கினார். பகலில் மனிதன், பௌர்ணமி வந்தால் ஓநாய். வெள்ளியைத் தவிர எதற்கும் சாகாது. ஒரு நட்டை எடுத்து மேசை நடுவில் வைத்து, "இதான் ஓநாய். எங்க, வெள்ளிக்கு எங்க போவீங்க?" என்று சிரித்தார். ஜெசிந்தா யோசிக்கவே இல்லை. "என் வீராங்கனை காலுல இருக்கற கொலுச கழட்டி அடிக்கறேண்ணா" என்றாள். அப்சல் தன் வீரனின் அரைஞாண் கொடியை உருவினான். நான் வெள்ளிக் குங்குமச் சிமிழை எடுத்தேன். டீ ஆறுவதற்குள் ஓநாய் செத்துப்போனது.

ஆகவே இந்த வாரம் ஜெசிந்தா கேட்டுவிட்டாள். அடுத்த கதையை அவள் நடத்த வேண்டும். வந்திருந்த நாங்கள் மூவரும் கை தூக்கினால் அண்ணன் இறங்கிவிட வேண்டும். அவளும் அப்சலும் தூக்கிவிட்டார்கள். என் கை பாதி வழியில் இருந்தது.

"இரு துளசி, கைய கீழ போடு" என்றார் அண்ணன். "அந்த ஓநாய நான் வேணும்னேதான் சாக விட்டேன். உங்களுக்கெல்லாம் ஓநாயே ஜாஸ்தி. பொள்ளாச்சியில எனக்கு ஒரு குரூப் இருந்துச்சு, தெரியுமா? ஆறு பேரு. அவங்களுக்கு நான் விட்டது எருமை-மனுசன்."

"எருமையா?" அப்சல் சிரித்தான்.

"சிரி கண்ணு, சிரி. பகல்ல அவன் ஊர்த்தலைவன். பௌர்ணமியானா எருமை. வெள்ளி, தங்கம், பித்தளை, எதுக்கும் மசிய மாட்டான். சின்ன வயசுல அவங்கம்மா அவன எந்த செல்லப்பேர் வெச்சு கூப்பிட்டாங்களோ, அதச் சொல்லிக் கூப்பிட்டாத்தான் மனுசனாவான். அந்தப் பேரக் கண்டுபுடிக்கவே மூணு மாசம் அலைஞ்சாங்க."

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அது பிடித்திருந்தது. கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டேன். அதைப் பார்த்த அண்ணனுக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"அது மூச்சு விடறத நான் ஒரு தடவ செஞ்சு காமிச்சேன் பாரு, ஓடிட்டிருந்த ஃபேன் திருப்பிச் சுத்த ஆரம்பிச்சிருச்சு. கிட்டுசாமின்னு ஒருத்தன், பயத்துல பகடைய மேல வீசுனான். அது கீழயே வரல. உத்தரத்தப் புடிச்சுட்டு தொங்குது. எருமை போனாத்தான் எறங்குவேங்குது."

"பகடை பேசுச்சுங்களா?" என்றாள் ஜெசிந்தா.

"பேசலம்மா, நாம புரிஞ்சுக்கறதுதான். பொறகு பல்லி-மனுசிய விட்டேன். செவுத்துல ஒட்டிட்டே வந்து மேல விழுவா. எவ்வளவு அடிபட்டுச்சுன்னு எப்படிக் கணக்குப் பண்றது? தினசரி காலண்டர் பின்னாடி பல்லி விழும் பலன் இருக்குல்ல, அதப் பாத்துதான். தோள்ல விழுந்தா ஜெயம், பொழச்சான். தலையில விழுந்தா ஆள் முடிஞ்சான். அப்பறம் பொள்ளாச்சியில எந்தக் கடையிலயும் காலண்டர் கெடைக்கல. அத்தன பேரும் இந்த வெளையாட்டுக்கு வாங்கிட்டுப் போயிட்டாங்க."

அப்சல் தன் கடைக் காலண்டரை ஒருமுறை திருப்பிப் பார்த்தான். அவன் கையும் இப்போது இறங்கியிருந்தது. ஜெசிந்தா அவனை முறைத்தாள்.

"கதைக்குள்ள கிட்டுசாமிய அந்த எருமை கடிச்சிருச்சு" என்று அண்ணன் நாற்காலியை எங்கள் பக்கம் திருப்பினார். "அடுத்த வாரம் பாத்தா நெசமாவே அவனுக்குக் கொம்பு. மொதல்ல பூவன்பழம் அளவுதான் இருந்துச்சு. பொறகு நேந்திரம். ஹெல்மெட் போட முடியல. போலீஸ்காரர் நிறுத்துனாரு, கொம்பத் தொட்டுப் பாத்தாரு, 'சரி, மெதுவாப் போங்க'ன்னு சல்யூட் அடிச்சு அனுப்பிட்டாரு. அதுக்கடுத்த வாரம் கையெல்லாம் குளம்பு."

"குளம்பு வெச்சுட்டு பகடைய எப்படிண்ணா உருட்டுனாரு?" என்றான் அப்சல்.

"வால்ல. கையில உருட்டும்போது வராத ஆறெல்லாம் வால்ல வந்துச்சு. அதப் பாத்து மிச்சம் அஞ்சு பேரும், 'எங்களையும் கடிக்க விடுங்ணா'ன்னு கால்ல விழுந்தாங்க. ஒரு ஆளு பெருச்சாளியானான். இன்னொருத்தன் மயிலு. அவன் தோகைய விரிச்சா பக்கத்துல உக்காந்திருக்கறவனுக்கு மேசையே தெரியாது."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். இந்த மனிதரை எப்படி இறக்குவது? இவர் இறங்கினால் ஞாயிற்றுக்கிழமை யார் இப்படி அளப்பார்கள்? எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது.

"கடைசி நாளு சந்தையில நின்ன எருமை அத்தனையும் கயித்த அறுத்துட்டு எங்க வாசலுக்கு வந்துருச்சு" என்றார். "கதை கேக்க. தரகருங்க கூப்புடறாங்க, ஒண்ணுகூட நகரல. பகல் மூணு மணிக்கு நிலா மேல வந்து ஜன்னல்ல எட்டிப் பாக்குது. நானே, 'இன்னும் நேரமாகல, போ'ன்னு வெரட்டி விட்டேன். போயிருச்சு."

"நிலா."

"நிலாதான்."

ஜெசிந்தா தலையில் கை வைத்துக்கொண்டாள். அப்சல் என்னைப் பார்த்தான். நாற்காலி அண்ணனுக்கே என்று நான் முடிவு செய்துவிட்டேன். அதைச் சொல்ல வாயையும் திறந்தேன். அங்கே அவர் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் அது நல்லசிவம் அண்ணன் இல்லை.

"இத்தனைக்கும் ரெண்டு வருசம்! நூத்திநாலு ஞாயித்துக்கெழம. ஆறு பேரும் மூணு மணிக்கு டாண்ணு வந்து உக்காந்தாங்க. ஒருத்தன் ஒரு நாள் லீவு போடல."

நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

எங்கள் குழுவில் பெயருக்கு ஏழு பேர். ஏழு பேரையும் சேர்த்து நான் பார்த்தது ஒரே ஒருமுறை, ஜெசிந்தாவின் கல்யாணத்தில். மற்ற ஞாயிறெல்லாம் ஒருவருக்குக் காதுகுத்து, ஒருவருக்குப் புதுமனை புகுவிழா, ஒருவருக்கு மாமியார் ஊரிலிருந்து வருவார். மூன்று மணிக்கு என்றால் நாலரைக்கு, "கெளம்பிட்டேன்" என்று குளியலறையிலிருந்து செய்தி வரும்.

அப்சல் கையைத் தூக்கினான். ஜெசிந்தா தூக்கினாள்.

"ஏனுங்ணா, வைகாசியிலயுமா?" என்று கேட்டேன். "அத்தன முகூர்த்தம் இருக்குமே?"

"வைகாசியிலயுந்தான்."

நானும் தூக்கினேன்.

அண்ணன் மூன்று கைகளையும் மாறி மாறிப் பார்த்தார். "எருமைய நம்பறீங்க. நிலாவ நம்பறீங்க. இத நம்ப மாட்டீங்களா?"

"மாட்டோம்ணா" என்றாள் ஜெசிந்தா.

"சரி, அஞ்சு பேருன்னு வெச்சுக்க."

"அண்ணா."

"நாலு. அதுவும் மூணேகாலுக்கு."

"எந்திரிங்ணா."