முன் நாற்காலியில் ஒரு பை

“மறுபடியும் எழுதிக் கொண்டு வந்திருக்கேன் சார். இந்தத் தடவையாவது என்ன குறைன்னு சொல்லுங்க.”

ஜெபசெல்வி கேட்டது கைகளால்.

எதிரே இருந்தவர் சங்கரவேல். கல்லூரியில் தொடர்பியல் ஆசிரியர். பிறவியிலேயே காது கேளாதவர். அவளைவிட வயதில் ரொம்ப இளையவர். ஆனாலும் அவளுக்கு அவர் சார். அவருக்கு அவள் அக்கா.

சைகைதான் அவளுக்குத் தாய்மொழி. அவளுக்குக் காது கேட்கும்; அம்மாவுக்கும் கேட்காது, அப்பாவுக்கும் கேட்காது. பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே வீட்டுக்கும் ஊருக்கும் நடுவில் நின்று பேசப் பழகியவள். பிறகு சைகையைப் பேச்சாகவும் பேச்சைச் சைகையாகவும் பெயர்த்துச் சொல்வதே தொழிலாயிற்று.

சங்கரவேல் முறுக்கு தின்றுகொண்டிருந்தார். ஒரு கை முறுக்கில் இருந்ததால் பாதி வாக்கியம்தான் வந்தது.

“குறையே இல்லக்கா. அதான்...”

“அதான்?”

மீதியை முறுக்கோடு சேர்த்து மென்றுவிட்டார்.

நாளைக் காலையில் பல்கலைக்கழகத்தில் நேர்முகத் தேர்வு. முதுகலைத் தொடர்பியல். ஏன் இதைப் படிக்க விரும்புகிறேன் என்று ஒரு கட்டுரை எழுதித் தர வேண்டும். அதை வைத்துத்தான் கேள்வி கேட்பார்கள். போன வருடமும் போனாள். கட்டுரையைப் புகழ்ந்தார்கள். இடம் தரவில்லை.

இந்த முறையும் கிடைக்காவிட்டால் இனிக் கேட்பதில்லை என்று முடிவு செய்திருந்தாள். நாற்பத்தாறு வயதில் ஒரே கதவை எத்தனை முறைதான் தட்டுவது?

“எனக்குத் தகுதி இல்லன்னு நினைக்கிறீங்களா?”

“இந்த ஜில்லாவுல உங்களை மாதிரி பெயர்த்துச் சொல்ல யாரு இருக்கா? கோர்ட்டுல கூப்பிடுதான், ஆஸ்பத்திரியில கூப்பிடுதான்.”

உண்மைதான். அதில் அவளுக்கும் சந்தேகம் கிடையாது. காது கேளாத நோயாளி சுட்டுவிரலால் தன் நெஞ்சைத் தொட்டு, ‘எனக்கு வயிறு வலிக்கிறது’ என்று கை காட்டினால், அவளும் “எனக்கு வயிறு வலிக்குது டாக்டர்” என்றுதான் சொல்வாள். ‘அவருக்கு’ என்று சொல்லக் கூடாது. தொழில் முறை அப்படி. ஒருமுறை புதிதாக வந்த டாக்டரம்மா அவளையே படுக்கவைத்து வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டார்.

“டாக்டரம்மா கதையை எழுதியிருக்கேன். கோர்ட்டுல அழுத அண்ணாச்சியைப் பத்தி எழுதியிருக்கேன். எங்கம்மா ரேஷன் கடையில சண்டை போட்டதுகூட இருக்கு. இன்னும் என்ன சார் வேணும்?”

“கை வீச்சைக் குறைங்க. பக்கத்து ரூம் வரைக்கும் கேக்குது.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

சங்கரவேல் விரல்களைத் துடைத்தார்.

“நாளைக்கு நடக்கப் போறதை இப்பவே நடத்திப் பாப்போமா?”

“பாப்போம். நான் ரெடி.”

அவர் இரண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டார். ஒன்று மேசைக்கு நேர் எதிரே. இன்னொன்று அதற்குப் பக்கவாட்டில், சற்றுப் பின்னால்.

“உட்காருங்க.”

அவள் தோள்பையை முன் நாற்காலியில் வைத்தாள். பின் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

எந்த அறைக்குப் போனாலும் அவள் இடம் அதுதான். பேசுகிறவர் முன்னால். பெயர்த்துச் சொல்கிறவள் ஒரு முழம் பின்னால்.

சங்கரவேல் முகத்தை இறுக்கிக்கொண்டு, தேர்வுக் குழுத் தலைவரைப் போல நிமிர்ந்தார்.

“வணக்கம். நீங்கள் ஏன் இந்தப் படிப்புக்கு விண்ணப்பித்தீர்கள்?”

கை நின்ற நொடியில் ஜெபசெல்வியின் குரல் புறப்பட்டது. தெளிவாக, சுத்தமாக, ஒரு சொல் சிந்தாமல்.

“வணக்கம். நீங்கள் ஏன் இந்தப் படிப்புக்கு விண்ணப்பித்தீர்கள்?”

சொல்லிவிட்டு முன் நாற்காலியைப் பார்த்தாள். பதிலுக்காகக் காத்திருந்தாள்.

சங்கரவேலும் அந்த நாற்காலியைப் பார்த்தார். பொறுமையாக.

மின்விசிறி சுற்றியது. பையின் வார் லேசாக ஆடியது.

“அவங்க இன்னும் வரலையா?” என்று கேட்டார்.

அதையும் பெயர்த்துச் சொல்ல அவள் வாயைத் திறந்தாள்.

திறந்த வாய் திறந்தபடியே நின்றது.

பிறகு சிரித்தாள். வராந்தாவில் போன மாணவிகள் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எந்த இடத்தில் சிரிப்பாக இல்லாமல் போனது என்று அவளுக்கே தெரியவில்லை.

சங்கரவேல் அடுத்த முறுக்கை எடுத்தார். தின்னவில்லை. கையில் வைத்துக்கொண்டார்.

அவள் எழுந்தாள். பையைத் தூக்கித் தரையில் வைத்தாள். முன் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“இன்னொரு தடவை கேளுங்க சார்.”

“வந்துட்டாங்களா?”

“முறுக்கைக் கீழ வச்சிட்டு ஒழுங்கா கேளுங்க.”

கேட்டார்.

ஜெபசெல்வி சுட்டுவிரலைத் தன் நெஞ்சில் வைத்தாள்.