நரியார் கத்துவதை நிறுத்தியபோது

ஒரு காட்டில், குழந்தைகளே, ஆற்றோரத்து மருதமரத்தின் அடியில் ஒரு குடில் இருந்தது. காய்ச்சல் வந்தாலும் சரி, காலில் முள் குத்தினாலும் சரி, எல்லா விலங்குகளும் அங்கேதான் ஓடிவரும். அங்கே செவிலியாக இருக்க வேண்டுமானால் கழுத்தில் வெட்டிவேர் வளையம் வேண்டும். கண்ணைத் திறக்க முடியாத நோயாளிகூட அந்த வாசனையை வைத்தே, 'அப்பாடா, பார்த்துக்கொள்ள ஆள் வந்தாச்சு' என்று தெரிந்துகொள்ளும்.

வளையம் சும்மா கிடைத்துவிடுமா? மழைக்காலம் முடிந்ததும் யானையம்மா தேர்வு வைப்பார். கண்டிப்பு என்றால் அப்படி ஒரு கண்டிப்பு. ஒருவர் இரண்டு முறைதான் தேர்வுக்கு வரலாம். இரண்டாம் முறையும் தவறினால், அப்புறம் அந்த ஆசையை மறந்துவிட வேண்டியதுதான்.

அந்தக் காட்டில் மிளகி என்று ஒரு சருகுமான் இருந்தாள். முயலைவிடக் கொஞ்சம்தான் பெரியவள். ஆனால் இரக்கக்காரி. யாராவது ஒரு தும்மல் போட்டால் போதும், நொச்சி இலையை வாயில் கவ்விக்கொண்டு எதிரே வந்து நிற்பாள். செவிலியாவதைத் தவிர வேறு ஒன்றையும் அவள் நினைத்ததே இல்லை.

அந்த வருடம் அவளும் அவள் தோழி காத்தாயியும் தேர்வுக்குப் போனார்கள். காத்தாயி ஓர் உடும்பு. பிடித்தால் விடமாட்டாள்.

முதலில் மூலிகைக் கேள்விகள். "இருமலுக்கு?" என்றார் யானையம்மா. "ஆடாதோடை!" என்றாள் மிளகி. "மஞ்சள் காமாலைக்கு?" "கீழாநெல்லி!" கேள்வி முடிவதற்குள் பதில் வந்து விழுந்தது.

பிறகு படுக்கைத் தேர்வு. இலைப் படுக்கைகளில் சிலர் நோயாளி போல நடிப்பார்கள். அவர்களைப் பார்த்துவிட்டு, யாரை முதலில் கவனிக்க வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டும். அதில் வருடா வருடம் நடிப்பவர் நரியார். அவருக்கு அதற்குக் கூலி, ஆற்று நண்டு.

மிளகி உள்ளே காலெடுத்து வைத்ததும் நரியார் ஆரம்பித்தார்.

"ஐயோ! அம்மா! கால் போச்சே! உசுரு போகுதே! யாருமே இல்லையா!"

மிளகிக்கு மனம் பொறுக்கவில்லை. ஒரே ஓட்டமாக நரியாரிடம் ஓடினாள். அவர் காலில் குத்தியிருந்த முள்ளைப் பக்குவமாக எடுத்தாள், குப்பைமேனியும் மஞ்சளும் அரைத்துப் பூசினாள், தடவிக் கொடுத்தாள். அவ்வளவு அழகாகச் செய்தாள்.

யானையம்மா மூலையைக் காட்டினார். அங்கே ஒரு முயல்குட்டி சத்தமில்லாமல் படுத்திருந்தது.

"அந்தப் பிள்ளையைப் பாம்பு கடிச்சிருக்குன்னு வெச்சிருந்தோம், மிளகி. நீ முள் எடுத்து முடிக்கிறதுக்குள்ள அது கண்ணை மூடிடுச்சு. இந்த வருஷம் உனக்கு வளையம் கிடையாது."

காத்தாயிக்கு வளையம் கிடைத்தது.

காட்டில் மைனா என்று ஒரு வம்புக்காரி உண்டு. அதற்குச் சிறகு இருப்பதே சேதி சொல்லத்தான். மிளகி வீட்டுக்கு நடந்துபோய்ச் சேர்வதற்குள் மரத்துக்கு மரம் உட்கார்ந்து சொல்லிவிட்டது. "சேதி தெரியுமா? மிளகி பெயில்! நரி கத்தினதைக் கேட்டு ஏமாந்துட்டா!"

மிளகி வேர்ப்பொந்துக்குள் போய்ச் சுருண்டு படுத்துக்கொண்டாள். அவளுடைய அம்மா, மகள் வளையத்தோடு வருவாள் என்று ஊருக்கெல்லாம் கொடுக்க இலுப்பைப்பூ பொறுக்கிக் குவித்து வைத்திருந்தாள். அந்தக் குவியலைப் பார்த்ததும் மிளகிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"இத்தனை பூ பொறுக்கியிருக்கியேம்மா. உன் மானத்தை வாங்கிட்டேனே."

அம்மா பக்கத்தில் படுத்து அவள் காதை நக்கிக் கொடுத்தாள். "பைத்தியக்காரி. பூ எங்கேயும் ஓடிப்போகல. நீயும் நானும் சாப்பிடுவோம். இன்னைக்கு அழணும்னா நல்லா அழு. நான் இங்கேதான் இருக்கேன்."

இரண்டு பேரும் இலுப்பைப்பூ தின்றார்கள். மிளகி அழுதுகொண்டே தின்றாள். அழுகை வந்த நாளில் வயிற்றையும் பட்டினி போட்டால் என்ன மிச்சம்?

கொஞ்ச நாள் கழித்து மிளகி எழுந்தாள். படிக்க ஆரம்பித்தாள். எப்படிப் படித்தாள் என்கிறீர்கள்! காடு முழுக்கச் சுற்றி இலை பறித்துவந்து பரப்பினாள். ஒவ்வொன்றாக மோந்து பார்த்து, "இது தூதுவளை, சளிக்கு. இது நன்னாரி, சூட்டுக்கு" என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப் போனது. சாப்பாடு நினைவில்லை. உடம்பு பாதியாக இளைத்துவிட்டது. மருதமரம் இருக்கும் பக்கம் மட்டும் அவள் தலைவைத்தும் படுக்கவில்லை. தண்ணீர் குடிக்கக்கூட வேறு துறைக்குச் சுற்றிக்கொண்டு போனாள்.

ஒருநாள் காத்தாயி வந்தாள். பொந்துக்கு வெளியே இருந்த செடியில் தன் வளையத்தைக் கழற்றி மாட்டிவிட்டு உள்ளே நுழைந்தாள். வெட்டிவேர் வாசனை அதற்கு முன்பே உள்ளே வந்துவிட்டது, பாவம், அது அவளுக்குத் தெரியவில்லை.

"என்னடி, வீடு பூரா ஒரே தழை?"

"படிக்கிறேன்."

"போன தடவை எந்த இலையில தப்பு விட்டே?"

மிளகி யோசித்தாள். "இலையில ஒண்ணும் தப்பு விடலியே."

"அப்புறம் எதுக்கு இதையே போட்டு உருட்டிக்கிட்டு இருக்கே?"

மிளகிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "உனக்கென்ன! நீ பாஸாகிட்டே. எனக்குப் புத்தி சொல்ல வந்துட்டே. போடி இங்கிருந்து!"

"போக மாட்டேன்" என்றாள் காத்தாயி. ஒரு வேரை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். உடும்பு பிடித்தால் யாரால் கிளப்ப முடியும்? "திட்டிக்கோ. அடிச்சுக்கோ. நான் இங்கேதான் இருப்பேன். நீ ஜெயிக்காம அந்த வளையத்தை மாட்டிக்கிட்டு நடக்க எனக்கும் நல்லாவா இருக்கு?"

அதைக் கேட்டதும் மிளகியின் கோபம் கரைந்துபோனது. தலையைக் குனிந்துகொண்டு மெல்லச் சொன்னாள்.

"இலைன்னா எனக்குத் தெரியும், காத்தாயி. சொல்லச் சொல்ல மனசுக்கு இதமா இருக்கு. அந்தப் படுக்கைங்களை நினைச்சாதான் பயமா இருக்கு. நரியார் கத்தினது இன்னும் காதுல கேட்குது. அவர் கத்தும்போது எனக்கு வேற ஒண்ணுமே தெரியல. அந்த முயல்குட்டி அங்கே இருந்ததுகூடத் தெரியல." சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். "அங்கேதான் தோத்தேன். இல்லையா?"

காத்தாயி இறுகப் பிடித்திருந்த வேரை விட்டாள்.

மிளகி எழுந்தாள். பரப்பியிருந்த இலைகளையெல்லாம் ஓரமாகத் தள்ளினாள். "நான் நரியார் வீட்டுக்குப் போறேன்."

"நரிகிட்டயா? வேற வினையே வேண்டாம்!"

"கத்தினது அவர்தானே. அவர்தான் மறுபடியும் கத்தணும்."

நரியார் தம் குகை வாசலில் காலை நீட்டிப் படுத்திருந்தார். மிளகியைப் பார்த்ததும் அவருக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

"வாம்மா, வா! போன வருஷம் என் நடிப்பு எப்படி? நீ ஓடிவந்த வேகத்துலயே தெரிஞ்சுது, பிரமாதமா பண்ணியிருக்கேன்னு!"

மிளகிக்கு வந்த ஆத்திரத்தை அவள் விழுங்கிக்கொண்டாள். "ரொம்ப நல்லா பண்ணீங்க, மாமா. அதே மாதிரி எனக்காகத் தினமும் கத்துவீங்களா?"

"சும்மாவா?"

"நண்டு பிடிச்சுத் தரேன்."

"அப்படி வா வழிக்கு" என்று நாக்கைச் சப்புக்கொட்டினார் நரியார். "ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். கத்த ஆரம்பிச்சா பாதியில நிறுத்துற பழக்கம் நம்மகிட்ட கிடையாது. எதிராளி 'போதும்'னு சொல்ற வரைக்கும் விடமாட்டேன். தொழில்னா தொழில்."

மறுநாள் முதல் ஆற்றங்கரையில் பயிற்சி நடந்தது. மிளகியின் அம்மாவும் காத்தாயியும் நோயாளிகளாகப் படுத்துக்கொண்டார்கள். நரியார் தொண்டை கிழியக் கத்தினார். முதல் நாள் மிளகியின் கால்கள் அவள் பேச்சைக் கேட்கவே இல்லை, தாமாகவே நரியாரிடம் போய் நின்றன. இரண்டாம் நாளும் அப்படித்தான். அவள் அழுதாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு, "மறுபடியும் கத்துங்க, மாமா" என்றாள்.

இப்படியே பழகப் பழக, ஒருநாள் அவளுக்கு ஒன்று புரிந்தது. இவ்வளவு பெரிதாகக் கத்த வேண்டுமென்றால் நெஞ்சு நிறைய மூச்சு வேண்டும். மூச்சு இருப்பவர் கொஞ்சம் பொறுப்பார். அதற்குப் பிறகு அவள் நரியாரைப் பார்த்து, "கொஞ்சம் பொறுங்க, மாமா, இதோ வந்துட்டேன்" என்று அன்பாகச் சொல்லிவிட்டு, மற்றவர்களின் விலா ஏறி இறங்குகிறதா என்று ஒவ்வொருவராகப் பார்க்கப் பழகினாள். காது நரியாரிடம் இருக்கும். கண் மற்றவர்களிடம் இருக்கும். அம்மா நன்றாக இளைத்திருந்த மகளைப் பார்த்து, "இன்னைக்கு இது போதும், வா, சாப்பிடலாம்" என்று கூப்பிட்டால், மறுபேச்சு இல்லாமல் போய்ச் சாப்பிடவும் பழகினாள்.

மழைக்காலம் வந்தது, போனது. தேர்வு நாளும் வந்தது.

மருதமரத்தடியில் கூட்டமான கூட்டம். மைனா எல்லோருக்கும் மேலே, நல்ல கிளையாகப் பார்த்து இடம் பிடித்திருந்தது. காத்தாயி செவிலிகளின் வரிசையில் நின்றாள். மிளகிக்கு இது இரண்டாம் முறை. இதில் தவறினால் இனி ஒரு தேர்வு இல்லை.

"ஐயோ! அம்மா! கால் போச்சே!" என்று நரியார் தொடங்கினார்.

"பொறுங்க, மாமா, இதோ வந்துட்டேன்" என்றாள் மிளகி. அவரைத் தாண்டி நடந்தாள். அடுத்தடுத்துப் படுத்திருந்த மயிலின் விலாவைப் பார்த்தாள். குரங்கின் கண்ணைப் பார்த்தாள். மூலையில் ஒரு முயல்குட்டி அசையாமல் படுத்திருந்தது. அதன் பக்கத்தில் போய்க் குனிந்தாள். யானையம்மாவின் முகத்தில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது.

"உசுரு போகுதே! யாருமே இல்..."

நரியார் குரல் நின்றுவிட்டது.

கூட்டத்தில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 'அப்பாடா, காது தப்பிச்சது' என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். மிளகியின் காது மட்டும் விறைத்து நின்றது. யானையம்மா 'போதும்' என்று சொல்லவே இல்லையே!

திரும்பிப் பார்த்தாள். நரியார் வாயைத் திறந்து வைத்திருந்தார். சத்தம் வரவில்லை. விலா ஏறவில்லை.

மிளகி முயல்குட்டியை விட்டுவிட்டு நரியாரிடம் ஓடினாள்.

"பார்த்தீங்களா, பார்த்தீங்களா!" என்று மைனா கத்தியது. "மறுபடியும் நரிகிட்டயே ஓடறா!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். யானையம்மாவின் முகம் வாடிப்போனது. அந்தச் சிரிப்பு மிளகிக்கும் கேட்டது, குழந்தைகளே. கேட்காமல் இருக்குமா? ஒரே ஒரு நொடி அவள் கால் தயங்கியது. அந்த நொடியில் நரியாரின் கண் செருகுவதைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் தயங்கவில்லை.

"காத்தாயி! இது நடிப்பில்லை! வந்து பிடி!"

காத்தாயி ஒரே பாய்ச்சலில் வந்தாள். இருவருமாக நரியாரைப் படுக்கையின் ஓரத்துக்கு இழுத்து, தலை கீழே தொங்கும்படி சாய்த்தார்கள். காத்தாயி அவரை நழுவாமல் இறுகப் பிடித்துக்கொண்டாள். மிளகி திரும்பி நின்று, இரண்டு பின்னங்கால்களாலும் அவர் தோள்களுக்கு நடுவே ஓங்கி ஓர் உதை விட்டாள். ஒன்றும் நடக்கவில்லை. இன்னோர் உதை. இன்னோர் உதை.

டொப்பென்று ஒரு நண்டுக் கொடுக்கு வெளியே வந்து விழுந்தது.

ஆசை யாரை விட்டது? கூலி நண்டை முன்கூட்டியே வாங்கி, கொடுக்கைக் கடைவாயில் அடக்கிக்கொண்டே நரியார் கத்தியிருக்கிறார். அது தொண்டையில் போய் மாட்டிக்கொண்டது. இப்போது மூச்சை இழுத்து இழுத்து விட்டார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. வாழ்நாளில் முதல்முறையாக மெல்லிய குரலில் பேசினார்.

"கூப்பிடணும்னு நினைச்சேன், பிள்ளை. சத்தமே வரலை. உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"சத்தம் வரலைங்கறதாலதான் தெரிஞ்சுது, மாமா" என்றாள் மிளகி. அவர் நெற்றியைத் தடவிக் கொடுத்தாள்.

 மைனா மெல்ல இலைகளுக்குள் ஒதுங்கிக்கொண்டது. யானையம்மா மெதுவாக நடந்துவந்தார். தும்பிக்கையால் வெட்டிவேர் வளையத்தை எடுத்து மிளகியின் கழுத்தில் போட்டார். அவர் குரல் கொஞ்சம் கரகரத்தது.

"நாங்க எல்லாரும் பார்த்துக்கிட்டுதான் இருந்தோம். நீ ஒருத்திதான் கவனிச்சே. உன்னைப் பார்த்துச் சிரிச்ச கூட்டத்தையும், தப்பா நினைச்ச என்னையும் மன்னிச்சுடும்மா."

  கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்த அம்மா மிளகியின் கழுத்தை மோந்து மோந்து பார்த்தாள். அப்புறம் மகளின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, அடக்கி வைத்திருந்த ஒரு வருட அழுகையையும் அங்கேயே அழுது தீர்த்தாள்.

நீதி: தோற்ற இடத்துக்கே துணிந்து திரும்பிப் போய்ப் பழகுகிறவருக்கு, அந்த இடமே பலமாகிவிடும்.