எந்தத் தொழிலாளி?

“ரெண்டு வாரமா வரேன் டீச்சர். இங்கிலீஷ்ல எங்க ‘எ’ போடறது, எங்க ‘தி’ போடறதுன்னு இன்னும் பிடிபடல” என்றார் துரைக்கண்ணு.

எஸ்தர் ராணி நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

சைக்கிள் கடைக்கு மேலே இருந்த டியூஷன் அறை அது. அவளுக்கு வயது முப்பத்து நான்கு. அவருக்கு அறுபத்தொன்று. தோல் பதனிடும் ஷாப் தொழிலாளர் சங்கத்துக்கு முப்பது வருடமாகத் தலைவர். பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் அவருக்கு முட்டி இடித்தது.

“நாளைக்குப் பதினொரு மணிக்கு லேபர் ஆபீஸ்ல அந்தச் சாவு கேஸ் விசாரணை. வடக்கேயிருந்து வந்த ஆபீசர், தமிழ் தெரியாது. போன தடவை நானே எழுதிப் படிச்சேன். கம்பெனி வக்கீல் சிரிச்சான். ஆபீசரும் சிரிச்சார்.”

“ஏன்?”

“எல்லாத்துக்கும் ‘தி’ போட்டிருந்தேனாம்.”

செத்தவன் ஓர் ஒப்பந்தத் தொழிலாளி. கழிவுத் தொட்டிக்குள் இறக்கினார்கள். பிணமாகத் தூக்கினார்கள். தூக்கிய இரண்டு பேரும் வாய் திறக்க மாட்டார்கள். அவர்களுக்கு நாளையும் வேலை வேண்டும். அப்படி ஓர் ஆள் எங்களிடம் வேலை பார்த்ததே இல்லை, யாரோ சுவரேறிக் குதித்திருக்கிறான் என்று கம்பெனி எழுதிக் கொடுத்துவிட்டது. நாளை அதை உடைக்காவிட்டால் கோப்பை மூடிவிடுவார்கள். அவன் திருடன் என்றே முடிந்துபோவான்.

இந்த நாட்டில் செத்தவனுக்கும் இங்கிலீஷ் தேவைப்படுகிறது.

எஸ்தர் ராணி சாக்பீஸ் டப்பாவை நகர்த்தினாள்.

“ஒரு சாக்பீஸ் எடுங்க தலைவரே.”

எடுத்தார்.

“ஏதோ ஒண்ணு எடுத்தீங்க. அது ‘எ’. இப்ப அந்த சாக்பீஸைக் குடுங்க.”

கொடுத்தார்.

“இது ‘தி’.”

“அப்ப முதல் தடவை ‘எ’, ரெண்டாம் தடவை ‘தி’. இதுக்கா ரெண்டு வாரம்?”

“சூரியன்?”

“அதுக்கு ‘தி’ன்னு போன வாரம் சொன்னீங்க.”

“முதல் தடவைதானே சொன்னேன்?”

துரைக்கண்ணு நாளைக்குப் படிக்க வேண்டிய தாளை எடுத்தார்.

“சொல்றவனுக்குத் தெரிஞ்சா பத்தாது தலைவரே. கேக்கறவனுக்கும் தெரியணும். படிங்க.”

எழுந்து நின்றார். கேட் மீட்டிங் குரல் தானாக வந்தது. “தி ஒர்க்கர்...”

“விச் ஒர்க்கர்?” நோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

“செத்துப்போனவன்.”

“விச்?”

“கோதண்டன்.”

“விச் கோதண்டன்?”

“என்ன டீச்சர், விளையாடறீங்களா?”

“நாளைக்கு அவங்க விளையாட மாட்டாங்களா?”

பையிலிருந்து கட்டு ஒன்றை எடுத்து மேசையில் போட்டார். தூசி பறந்தது.

“முப்பது வருஷத்து நோட்டீஸ். ஒவ்வொண்ணும் நான் எழுதினது. இதைப் படிச்சுட்டு ஊரே வேலைக்குப் போகாம நின்னிருக்கு. என்கிட்ட வந்து எந்தக் கோதண்டன்னு கேக்கறீங்க.”

அவள் ஒவ்வொன்றாகப் புரட்டினாள். ஒரு தொழிலாளியின் கை போனது. ஒரு பெண் தொழிலாளி மயங்கி விழுந்தார். ஒரு தொழிலாளியின் பார்வை பறிபோனது. கடைசியாக இருந்தது இருபத்திரண்டு நாள் முந்தையது: ஒரு தொழிலாளி பலி.

“ஒருத்தர் பேருகூட இல்லையே.”

“பேர் போட மாட்டோம். சங்கக் கட்டுப்பாடு. போட்டா மறுநாள் காலையில கேட்லயே நிறுத்திடுவான்.”

“செத்தவரை எந்த கேட்ல நிறுத்துவான்?”

துரைக்கண்ணு நோட்டீஸ்களை வாரிக் கட்டினார்.

“இங்கிலீஷ் கத்துக்க வந்தேன். சங்கம் நடத்தக் கத்துக்க வரல.”

அவள் அவருடைய தாளை எடுத்துச் சிவப்பு மையில் நாலைந்து இடம் திருத்தி நீட்டினாள்.

“எல்லாம் சரியாப் போட்டாச்சு. யாரும் சிரிக்க மாட்டாங்க.”

வாங்கிக்கொண்டார். பாதிப் படிக்கட்டில் அவள் குரல் கேட்டது.

“அவர் வீட்டுக்குப் போனீங்களா தலைவரே?”

“சாவுக்குப் போனேன். மாலை போட்டேன். பேசினேன்.”

“ஏதாவது கேட்டீங்களா?”

மீதிப் படிகளை இறங்கினார். சைக்கிளைத் தன் வீட்டுப் பக்கம் திருப்பினார். தெருமுனை வரை போனார். அங்கே நின்றார். பிறகு வேறு பக்கம் திருப்பினார்.

கோதண்டன் மனைவி பச்சையம்மாள் வாசலில் உட்கார்ந்து ஷூவின் மேல்தோலைத் தைத்துக்கொண்டிருந்தாள். வெளிச்சம் போவதற்குள் முடிக்க வேண்டும். எழவில்லை.

“இப்பதான் வழி தெரிஞ்சுதாண்ணே?”

“கோதண்டனைப் பத்திச் சொல்லும்மா.”

“நானா? இத்தனை நாளா நீங்கதானே சொல்லிக்கிட்டிருந்தீங்க, மைக்குல.”

துரைக்கண்ணு தரையில் உட்கார்ந்தார். அவள் இரண்டு தையல் போட்டாள்.

“இடது காது கேக்காது. தொட்டிக்கு மேலருந்து யாராச்சும் கத்தியிருந்தாலும் கேட்டிருக்காது.”

“ம்.”

“மீன் கொழம்புன்னா மறுநாளைக்குத்தான் சாப்பிடுவாரு.”

ஊசியைத் தோலில் குத்தி நிறுத்திவிட்டு உள்ளே போனாள். வரும்போது கையில் ஓர் அறுந்த அரைஞாண் கயிறு. நுனியில் பித்தளை டோக்கன். அதில் பதினேழு என்று அடித்திருந்தது.

“ஆஸ்பத்திரியில துணியோட சேத்துக் குடுத்தாங்க. உள்ள போறப்ப டைம் கீப்பர் குடுப்பாராம். வெளிய வரப்ப திருப்பிக் குடுத்துடணுமாம். ஒண்ணு குறைஞ்சாலும் டைம் கீப்பருக்கு மெமோவாம்.” கயிற்றை அவரிடம் நீட்டினாள். “இவருதான் வெளிய வரலையே.”

“ஏம்மா முன்னாடியே சொல்லல?”

“யாரு கேட்டா?”

மறுநாள் பதினொரு மணி.

கம்பெனி பக்கம் மூன்று பேர். வக்கீல், மேனேஜர், டைம் கீப்பர் கன்னியப்பன். அப்படி ஓர் ஆள் கேட்டைத் தாண்டவே இல்லை என்று சொல்லக் கன்னியப்பனைக் கூட்டி வந்திருந்தார்கள். பாடம் ஒப்பிக்கப் போகிற பிள்ளை மாதிரி உதட்டை அசைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

துரைக்கண்ணு தாளை எடுத்தார்.

“தி ஒர்க்கர்...”

“விச் ஒர்க்கர்?” வக்கீல் பல் தெரியச் சிரித்தார். அதிகாரியின் உதடும் கொஞ்சம் விரிந்தது.

துரைக்கண்ணு தாளை மடித்தார். முன்னே போய் மேசைமேல் அரைஞாண் கயிற்றை வைத்தார். பித்தளை மேசைக் கண்ணாடியில் பட்டுச் சத்தம் கேட்டது.

கன்னியப்பன் எட்டிப் பார்த்தார். டோக்கன் குறைந்ததற்கு வாங்கிய மெமோவை இருபத்திரண்டு நாளாகச் சட்டைப்பையில் சுமக்கிற மனுஷன். கை தானாக நீண்டது.

“பதினேழு. அட, இதைத்தானேய்யா தேடிக்கிட்டிருக்கேன்.”

மேனேஜர் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். இழுத்த பிறகுதான் அறையே கன்னியப்பனைத் திரும்பிப் பார்த்தது.

“வாட் டிட் ஹி சே?” என்றார் அதிகாரி.

“நத்திங், சார்” என்றார் வக்கீல்.

அதிகாரி அவர் பக்கம் திரும்பவில்லை. துரைக்கண்ணுவைப் பார்த்தார். காத்திருந்தார்.

தாள் மடித்தபடியே கையில் இருந்தது. துரைக்கண்ணு அதைப் பிரிக்கவில்லை.

“தி டோக்கன், சார்” என்று தொடங்கினார்.

யாரும் சிரிக்கவில்லை.